பெரட்டுக்கு வராதவர்கள்

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்று கோபம் வந்ததில் தப்பே இல்லை. பேரனுக்கு டிங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். வந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, சுகாதார இலாகா வேன் வாசலில் நிற்கிறது. இறங்கிய இளைஞர் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசிவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனார். துணி துவைக்கும் தொட்டி, பூச்சாடித் தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு என்று ஒன்று விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தார். “நாம என்ன குப்பைமேட்டுலயா குடியிருக்கோம்?” என்று அக்கா என்னிடம் தமிழில் முணுமுணுத்தார்.

அப்புறம் அந்த இளைஞர் ஒரே கேள்வியை மலாயில் மூன்று விதமாகக் கேட்டார். “பிலா மூலா டெமாம், ஆன்ட்டி?” காய்ச்சல் எப்போது தொடங்கியது? “மிங்கு லெப்பாஸ்,” போன வாரம் என்றார் அக்கா. அவர் விடவில்லை. என்ன கிழமை? பள்ளிக்கூடம் போனானா? காலையிலா, ராத்திரியிலா? அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் பையன் சோபாவில் சுருண்டு கிடந்தது நினைவுக்கு வந்தது. திருநீறு பூசிவிட்டபோது நெற்றி சுட்டதாம். இளைஞரின் முகம் தெளிந்தது. தேதியை எழுதிக்கொண்டார்.

வேன் போனதும் அக்கா என்னைக் கேட்டார்: “கொசுவைத் தேடி வந்தவனுக்குத் தேதி எதுக்குப்பா?”

நல்ல கேள்வி. தொற்றுநோயை அரசாங்கம் எப்படிப் பின்தொடர்கிறது என்பதில் பாதி அந்தத் தேதிக்குள்தான் இருக்கிறது.

செக்ரோல் சொல்லும் சேதி

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். இப்போது இருப்பது மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில். ஊர்ப் பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் எங்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்தில் விடியும் முன்பே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு நடக்கும். தோட்ட எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். வராதவர் பெயருக்கு நேரே ஒரு குறி விழும். சம்பளம் பிடிப்பதற்கான குறிதான் அது. ஆனால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் விவரமானவராக இருந்தால் அந்தப் பக்கத்தை அவரும் எட்டிப் பார்ப்பார். வழக்கமாக நாலு பேர் வராத இடத்தில் இன்று பதினொரு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எட்டுப் பேர் ஆற்றோர லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள். அவர் இன்னும் யாரையும் தொட்டுப் பார்க்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை, நோயின் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் ஏதோ நடக்கிறது என்பதும், அது எந்தப் பக்கம் நடக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது.

நோய்க் கண்காணிப்பு என்று பெரிய பெயரில் சொல்வது அடிப்படையில் இந்தப் பெரட்டைத்தான். வழக்கமான எண்ணிக்கை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். இன்று அதைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூடியவர்கள் யார், எங்கே இருப்பவர்கள், எந்த நாளிலிருந்து என்று கேட்க வேண்டும். கணினி, ஆய்வுக்கூடம், வண்ண வரைபடம் எல்லாம் இதன் மேல் பிற்பாடு கட்டிய மாடிகள்.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1901-இல் மால்கம் வாட்சன் என்ற இளம் வெள்ளைக்கார டாக்டர் கிள்ளானுக்கு வேலைக்கு வந்தார். அதே வருஷம் செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் வேலையாட்களை மலேரியா வாரிச் சுருட்டியது. இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. வாட்சன் சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடியவைத்து நோயைக் குறைத்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. பின்னாளில் ரப்பர் தோட்டங்களுக்குப் போய் லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் இடது விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீங்கியிருக்கிறது என்று எண்ணினால், அந்தத் தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்று ஓர் அளவு கிடைக்கும். எந்த லயத்துப் பிள்ளைகளுக்கு அதிகம் என்று பார்த்தால், எந்தச் சதுப்பை, எந்த ஓடையைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரியும். இரண்டு விரலும் ஒரு பென்சிலும் வைத்துச் செய்த கண்காணிப்பு!

வெள்ளிக்கிழமையிலிருந்து முன்னும் பின்னும்

சரி, அக்காவின் வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

டிங்கிக் கிருமியோடு கொசு கடித்து, காய்ச்சல் தொடங்க 4 முதல் 10 நாள் ஆகும். பையனுக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்றால், கொசு கடித்தது அதற்கு முந்தின வாரச் செவ்வாய்க்கும் அதே வாரத் திங்களுக்கும் இடையில். அந்த நாட்களில் அவன் எங்கே இருந்தான்? சனி, ஞாயிறு இரண்டு நாளும் காப்பாரில் மாமா வீட்டில். மற்ற நாட்களில் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிற ஜாதி; விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்பும்தான் அதன் வேட்டை. அதனால் கடித்தது அக்கா வீட்டுக் கொசுவாக இல்லாமல் காப்பார் கொசுவாகவோ பள்ளிக்கூடக் கொசுவாகவோ இருக்கலாம். வேலைக்குப் போகிறவர் என்றால் தொழிற்சாலை முகவரியையும் எழுதிக்கொள்வது இதற்காகத்தான்.

“அப்புறம் என் வீட்டை ஏன் குடைஞ்சான்?” என்று அக்கா கேட்டார். தேதியை இப்போது மறுபக்கம் ஓட்ட வேண்டும். காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே, காய்ச்சல் இருக்கும் வரைக்கும், பையனின் ரத்தத்தில் கிருமி இருக்கும். அந்த நாட்களில் அவனைக் கடித்த நம் தெருக் கொசு கிருமியை வாங்கிக்கொள்ளும். வாங்கிய உடனே அது பரப்பாது. அதன் உடம்புக்குள் கிருமி பெருகி எச்சிலுக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் பிடிக்கும். பிறகு அது யாரைக் கடிக்கிறதோ அவருக்கு மறுபடி 4 முதல் 10 நாள். கூட்டிப் பாருங்கள். இந்தத் தெருவில் அடுத்தவர் படுக்க இரண்டு மூன்று வாரம் இருக்கிறது. அந்த இளைஞருக்குக் கையில் இருந்த அவகாசம் அவ்வளவுதான். காய்ச்சல் வந்த தேதி இல்லாமல் ‘போன வாரம்’ என்ற பதிலை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது.

ரத்தப் பரிசோதனையும் இந்தத் தேதியை நம்பித்தான் இருக்கிறது. முதல் சில நாட்களில் கிருமியின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை பிடித்துக் கொடுக்கும். ஐந்தாறு நாள் போய்விட்டால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேட வேண்டும். தப்பான நாளில் தப்பான பரிசோதனை செய்தால் டிங்கி இருந்தும் இல்லை என்று வரும்.

ஒருவருக்கு வந்தால் அது ஒரு சம்பவம். அதே இடத்தில், 14 நாட்களுக்குள், இன்னொருவருக்கும் காய்ச்சல் தொடங்கினால் நம் நாட்டில் அதை டிங்கிப் பரவல் என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்தப் பரவல் 30 நாளுக்கு மேலும் அடங்காமல் இழுத்தால் அது ‘ஹாட்ஸ்போட்’. புதிதாக யாருக்கும் வராமல் 14 நாள் போனால் கோப்பை மூடுவார்கள்.

புகை அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளி வீட்டைச் சுற்றி 200 மீட்டர் வரை அடிப்பார்கள். சத்தமும் மணமுமாக இருப்பதால் சனங்களுக்கு அதில்தான் நம்பிக்கை. ‘இன்னும் புகை போடலையே’ என்றுதான் புகார் வரும். ஆனால் புகை சாகடிப்பது பறக்கிற கொசுவை மட்டும். தண்ணீருக்குள் நெளிகிற புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம், பத்து நாளில் சிறகு முளைத்து வெளியே வந்துவிடும். அதிலும் புகை வண்டி வந்ததும் கதவையும் ஜன்னலையும் இறுக்கி மூடிக்கொள்கிறோம். திறந்து வைக்கச் சொன்னால் கறி குழம்பு கெட்டுப்போகும் என்கிறோம். கொசு நம் அலமாரிக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. டார்ச் பிடித்துக்கொண்டு பூச்சாடியைப் பார்க்கிற ஆள்தான் உண்மையில் வேலை செய்கிறார் என்பது என் கட்சி. ஏடிஸ் புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் 500 மலேசிய வெள்ளி சம்மன் உண்டு. அக்கா வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது மூன்று வீடு தள்ளி, ஆள் குடியில்லாத வீட்டுக் கொல்லையில் கிடந்த ரப்பர் பால் பிடிக்கும் ஒரு பழைய மங்கில். மரம் வெட்டிச் செம்பனை போட்டு எத்தனையோ வருஷமாகியும் மங்கு மட்டும் எங்கேயாவது கிடந்துகொண்டே இருக்கிறது.

யார் சொல்ல வேண்டும்?

பையன் ஆஸ்பத்திரியில் படுத்ததும் சுகாதார இலாகாவுக்கு எப்படித் தெரிந்தது? டாக்டர் சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 342-ஆம் சட்டம் என்றும் இதைக் குறிப்பிடுவார்கள். எந்தெந்த நோயை அறிவிக்க வேண்டும் என்று அதிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. டிங்கி, காலரா, நச்சுணவு போன்றவற்றை 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். காசநோய் மெதுவாகப் பரவுவதால் ஒரு வாரம் வரை அவகாசம். அரசாங்க ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக் என்ற வேறுபாடு கிடையாது. டிங்கியில் உறுதியான முடிவு வரும் வரை காத்திருக்கவும் கூடாது. சந்தேகம் வந்தாலே அறிவிப்பு போக வேண்டும். பத்து அறிவிப்பில் சில வெறும் காய்ச்சலாக முடிந்தால் பரவாயில்லை. உறுதியாகட்டும் என்று எல்லோரும் காத்திருந்தால் அக்காவின் தெருவுக்கு இருந்த அவகாசம் கரைந்துவிடும்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: அதே சட்டத்தில் டாக்டருக்கு மட்டுமல்ல, நோயாளி இருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்தக் கடமை உண்டு. மாவட்ட சுகாதார அலுவலகத்திலோ அரசாங்கக் கிளினிக்கிலோதான் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. போலீஸ் நிலையத்தில், ஏன், கிராமத் தலைவரிடம் சொன்னாலும் போதும்.

அறிவிப்பு முதலில் போய்ச் சேர்வது மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு. அங்கிருந்துதான் வேன் கிளம்புகிறது. மாவட்டங்களின் எண்கள் மாநில சுகாதார இலாகாவுக்கும், அங்கிருந்து புத்ராஜெயாவில் சுகாதார அமைச்சின் சிபிஆர்சி என்ற நெருக்கடிக் கண்காணிப்பு மையத்துக்கும் போகும். நாட்டு எல்லையைத் தாண்டக்கூடியது என்று பட்டால் உலகச் சுகாதார நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். 2007-இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகச் சுகாதார விதிமுறை அதற்கும் 24 மணி நேரம்தான் கொடுக்கிறது. இந்தச் சங்கிலி ஓடியதை நாம் ஒருமுறை நேரில் பார்த்தோம். 2020 ஜனவரியில் வூஹானிலிருந்து வந்த ஒருவருக்குச் சிங்கப்பூரில் கொரோனா உறுதியானது. அவரோடு தொடர்பில் இருந்தவர்கள் ஜொகூர் வந்திருக்கிறார்கள் என்று சிங்கப்பூர் தகவல் கொடுத்தது. தேடிப் பிடித்துச் சோதித்ததில், ஜனவரி 25-ஆம் தேதி மலேசியாவின் முதல் நோயாளிகள் அறிவிக்கப்பட்டார்கள். மைசெஜாத்ரா செயலி, கடை வாசலில் கியூஆர் குறியீடு, மாலை ஆனால் அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாமின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

விருந்தில் எந்தச் சட்டி?

டிங்கியில் நோயின் பெயர் முதலிலேயே தெரியும். தெரியாமல் தொடங்கும் விசாரணை இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு கற்பனைக் கல்யாணத்துக்குப் போவோம். சாப்பிட்டவர்கள் 120 பேர். மறுநாள் காலைக்குள் 42 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஊர் உடனே தீர்ப்பு சொல்லிவிடும்: “பாயசம்தான். அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.”

விசாரிக்க வருபவர்கள் முதலில் செய்வது, யாரை நோயாளி என்று எண்ணுவது என்று ஒரு வரையறை எழுதுவது. ‘அந்த விருந்தில் சாப்பிட்டு, மூன்று நாளுக்குள் மூன்று முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு அல்லது வாந்தி’ என்பதுபோல. இல்லாவிட்டால் தலைவலி வந்த பெரியப்பாவும் பட்டியலில் ஏறிவிடுவார். பிறகு ஒரு நீளமான தாள். ஆளுக்கு ஒரு வரி: வயது, முகவரி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, என்னென்ன சாப்பிட்டார். நன்றாக இருப்பவர்களையும் இதே கேள்விகளைக் கேட்பார்கள். சனங்களுக்குப் புரியாத இடம் இதுதான். ‘நான் நல்லாத்தானே இருக்கேன், என்னை ஏன் கேட்கிறே?’

கணக்கைப் பாருங்கள். ஆட்டுக்கறிப் பிரட்டல் சாப்பிட்டவர்கள் 80 பேர். அதில் 40 பேர் படுத்தார்கள். சாப்பிடாத 40 பேரில் படுத்தது 2. அதாவது சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 50, சாப்பிடாதவர்களில் நூற்றுக்கு 5. பாயசம் குடித்தவர்கள் 90 பேரில் 32 பேருக்கு நோய். குடிக்காத 30 பேரில் 10 பேருக்கு. இங்கே நூற்றுக்கு 36, நூற்றுக்கு 33, கிட்டத்தட்ட ஒன்றுதான். படுத்த 42 பேரில் 32 பேர் பாயசம் குடித்தவர்கள் என்பதை மட்டும் பார்த்தால் பாயசத்தைத் தூக்கில் போட்டிருப்போம். நன்றாக இருந்தவர்களையும் எண்ணியதால்தான் கறி மாட்டிக்கொண்டது. கறி சாப்பிடாமலே படுத்த அந்த இரண்டு பேர்? கறிக்கரண்டியைச் சாம்பாருக்கும் போட்டிருப்பார்கள். அதையும் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது நேரம். மணிவாரியாக எத்தனை பேருக்குத் தொடங்கியது என்று கட்டம் கட்டமாக அடுக்கினால் ஒரு குன்று வரும். எல்லோரும் ஒரே சட்டியில் வாங்கியிருந்தால் குன்று செங்குத்தாக ஏறிச் சடாரென்று இறங்கும். ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவும் அம்மை, கொரோனா மாதிரி நோய் என்றால் அலை அலையாக, ஒன்றைவிட ஒன்று உயரமாக எழும். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணியில் வாந்தி எடுத்தால், கையிலுள்ள புண்ணிலிருந்து உணவுக்குள் போகும் ஸ்டெபிலோகாக்கஸின் நஞ்சாக இருக்கலாம். அரைநாள், ஒருநாள் கழித்துக் காய்ச்சலோடு வந்தால் சால்மொனெல்லா மேல் சந்தேகம் போகும். ஆய்வுக்கூட முடிவு வருவதற்கு முன்பே குன்றின் வடிவத்தை வைத்து இவ்வளவு ஊகித்துவிடலாம்.

‘யார்’ என்ற கேள்விக்கும் இதே வலிமை உண்டு. காய்ச்சல்காரர்களில் பெரும்பாலானவர்கள் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களும் உதிரி பொறுக்குகிறவர்களும்தான் என்றால் எலிச் சிறுநீர்க் காய்ச்சலை நினைக்க வேண்டும். காட்டோரத்தில் வேலை செய்கிறவர்கள் என்றால் குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா. மனிதருக்கு மனிதர் பரவும் உள்நாட்டு மலேரியா 2018-லிருந்து நம் நாட்டில் பதிவாகவில்லை. இந்தக் குரங்கு மலேரியா மட்டும் விடுவதாயில்லை.

கணக்கு இடிக்கும்போது

எண்கள் எல்லாம் வந்து, பதிலும் தயாராக இருந்து, அந்தப் பதில் தப்பாக இருந்தால்? நம் நாட்டுக் கதையே இருக்கிறது.

1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பன்றி, கொசு, மூளைக்காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்பது பாடப்புத்தகப் பதில். சில ரத்த மாதிரிகளிலும் அதற்கான அடையாளம் இருந்தது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. விற்று ஏற்றி அனுப்பிய பன்றிகளோடு சேர்ந்து நெகிரி செம்பிலானில் சிக்காமாட்டுக்கும் புக்கிட் பெலாண்டோக்குக்கும் வந்தது.

‘யார், எங்கே, எப்போது’ என்ற பட்டியலைத் திரும்பப் படித்தவர்களுக்கு இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே படுத்தவர்கள் வேலை செய்கிற வயதுவந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. ஆனால் பன்றியைத் தொட்டு வேலை செய்த சீனர்களும் இந்தியத் தொழிலாளர்களும் விழுந்தார்கள், பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு வரவில்லை. இன்னொன்று, பன்றிகளே இருமிக்கொண்டு செத்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வளர்ந்த பன்றியை அப்படிப் படுத்தாது. எல்லாம் கொசுவை விட்டுவிட்டுப் பன்றியின் மூச்சையும் எச்சிலையும் கைகாட்டின.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து அதுவரை யாரும் பார்த்திராத வைரஸைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அதைப் புதியதென்று உறுதி செய்தது. அந்த நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. வைரஸுக்கு நிப்பா என்றே பெயர் விழுந்தது. பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்ற பிறகுதான் பரவல் நின்றது. மலேசியாவில் நோயுற்றவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர். கிருமி முதலில் வந்தது பழந்தின்னி வௌவாலிடமிருந்து. பண்ணைக்குள்ளேயே பழமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்கொட்டகைக்குள் விழுந்திருக்கிறது.

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஆறு மாதம். யாரையும் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. அந்தக் கொசுப் பதில் எனக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும். ஆனால் நோயாளிகளின் பட்டியல் அந்த ஆறு மாதமும் ‘இது கொசு இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

எண்ணில் வராதவர்கள்

செய்தியில் வரும் எண்ணைப் பார்த்துப் பயப்படவோ நிம்மதி அடையவோ முன்பு சிலதைக் கவனிக்க வேண்டும்.

எண்ணிக்கை வாரக்கணக்கில் போகும், ஞாயிறு முதல் சனி வரை. இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, கடந்த சில ஆண்டுகளில் இதே வாரம் எப்படி இருந்தது என்று பார்ப்பதுதான் உபயோகம். மழைக்காலத்தில் கூடுவது இயல்பு. கடைசி வாரத்து எண் எப்போதுமே கொஞ்சம் குறைவாகத் தெரியும். தாமதமாக வரும் அறிவிப்புகள் இன்னும் சேர்ந்திருக்காது. ‘குறைந்துவிட்டது’ என்று அவசரப்பட்டால் ஏமாறுவோம்.

சில நோய்களுக்கு ஒப்பீடே வேண்டாம், ஒன்றே போதும். 1992-க்குப் பிறகு போலியோ இல்லாதிருந்த மலேசியாவில், 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ உறுதியானது. அந்த ஒன்றே நாடு தழுவிய செய்தி. திடீரென்று கை கால் துவண்டுபோகும் பிள்ளை எவரானாலும், காரணம் எதுவாக இருந்தாலும், மலத்தைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் இருப்பதால்தான் இப்படிப்பட்டது அகப்படும். போலியோவே இல்லாத ஆண்டுகளிலும் அந்தச் சோதனை நடந்துகொண்டுதான் இருக்க வேண்டும். குறைவான பிள்ளைகளே சோதனைக்கு வந்தால் சந்தோஷப்படாமல், யாரோ பார்க்காமல் விடுகிறார்கள் என்று விசாரிப்பார்கள்.

மற்ற நோய்களில் எண்ணுக்குள் வருவது ஒரு பகுதிதான். உலகத்தில் ஆண்டுக்கு 39 கோடி டிங்கித் தொற்று, அதில் நோயாக வெளிப்படுவது 9 கோடியே 60 லட்சம் என்று 2013-இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. நாலில் மூன்று பேருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலே போய்விடுகிறது. தெரிந்தவர்களிலும் பனடோல் போட்டுப் படுத்து எழுந்தவர் எண்ணில் வரமாட்டார். மலேசியாவில் 2019-இல் 1,30,101 பேருக்கு டிங்கி பதிவானது, 182 பேர் இறந்தார்கள். 2021-இல் பதிவானது 26 ஆயிரத்துச் சொச்சம். கொரோனாக் கால நடமாட்டக் கட்டுப்பாட்டில் பரவல் குறைந்ததும் உண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் போகப் பயந்து வீட்டிலேயே படுத்தவர்களும் உண்டு. எது எவ்வளவு என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இப்போது லயத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும். நம் பாட்டன் பூட்டன் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். வேலை பெர்மிட் தகராறு உள்ளவர் காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்கு வருவாரா? வந்தால் பிடித்துக்கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து உள்ளேயே படுத்துக்கொள்வார். கொசு பெர்மிட் கேட்காது. அந்த லயத்திலிருந்து நம் தாமான் எவ்வளவு தூரம்? அவர்கள் செக்ரோலில் விழாமல் போனால் டிரெசர் எட்டிப் பார்த்தும் பிரயோசனமில்லை.

அக்காவின் பேரன் ஐந்தாம் நாள் வீடு திரும்பினான். வேன் இன்னும் இரண்டு முறை வந்து போனது. மூன்றாவது தடவை அந்த இளைஞர் வந்தபோது எதிர்வீட்டுப் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அங்கே போனார். பாட்டிக்கு எப்போது தொடங்கியது என்று அவர் மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்காதான் உள்ளே போய்த் தன் வீட்டு நாள்காட்டியை எடுத்து வந்தார். ராகுகாலம், பால்காரன் கணக்கு, கேஸ் மாற்றிய நாள் எல்லாம் இருக்கும் அந்தத் தாளில், செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘பாட்டி சுடுது, சாயங்காலம் 5.’

இளைஞருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தேதியைப் பார்த்து எழுதிக்கொண்டார்.